அகத்தியர்கூடத்துக்கு ஒரு திட்டம்

அகத்தியர்கூடம் சென்று வந்த படங்களைப் பகிர்ந்த நாள்முதல், அப்பயணத்தை எவ்வாறு திட்டமிட்டேன் என்று பலர் உள்பெட்டியில் கேட்டு வருகிறீர்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் ஆய்வு மாணவர்கள். "அட்டவணை வைத்திருப்பீர்களே, அதை அனுப்புங்கள்" என்று இருவர் உரிமையோடு எழுதியிருந்தார்கள். அட்டவணை இருந்தது உண்மைதான். மூன்று நாள் பயணத்துக்கு நான்கு மாதத் தயாரிப்பு, பதினொரு பத்திகள். ஆயினும் அதை அப்படியே அனுப்பிவைக்க மனம் ஒப்பவில்லை. அதில் ஒரு பெரும்பிழை இருந்தது. மலையேறிய இரண்டாம் நாள்தான் அது எனக்குப் புலப்பட்டது. பிழையை விளக்காமல் அட்டவணையை மட்டும் கொடுப்பது, தரவைத் தந்துவிட்டு அதன் குறைபாட்டை மறைப்பதற்குச் சமம். ஆகவே இந்த நீண்ட பதிவு.

முதலில் மலையைப் பற்றிச் சில சொற்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், கேரளமும் தமிழ்நாடும் சந்திக்கும் எல்லைப் பகுதியில் 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கும் சிகரம் அகத்தியர்கூடம். தமிழில் பொதிகை. இதன் கிழக்குச் சரிவில் பிறக்கும் நீர் தாமிரபரணியாகத் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் போகிறது. மேற்குச் சரிவின் நீர் நெய்யாறாகவும் கரமனையாறாகவும் அரபிக்கடலை அடைகிறது. இம்மலையை நடுவாகக் கொண்ட அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் இரு மாநிலங்களிலுமாக ஏறத்தாழ 3,500 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2016இல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. மொழியியல் படித்த எவருக்கும் அகத்தியர் என்ற பெயர் இன்னொரு வகையிலும் பழக்கமானது: நமக்குக் கிடைக்காமற்போன இலக்கணம் ஒன்றின் ஆசிரியர் அவர் என்பது மரபு. ஆனால் நான் இம்மலைக்குப் போக விரும்பியது இலக்கணத்தால் அன்று, என் அம்மாவால்.

அம்மா அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவள். அவள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் மேற்கே மலைத்தொடர் முழுவதும் தெரியும். மழை பெய்து ஓய்ந்த காலைகளில் பொதிகையின் கூம்பும் தெளிவாகத் தெரியும். 1980களின் தொடக்கத்தில் அவளுடைய அப்பாவும் அண்ணன்மாரும் பாபநாசம் வழியாக அம்மலைக்குப் போய்வந்தார்கள். அரிசியும் கருப்பட்டியும் கட்டிக்கொண்டு போய், பல நாள் கழித்துத் தாடியோடு திரும்பி, ஒரு குப்பியில் சுனைத் தண்ணீரை வீட்டுப் பெண்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்களாம். அப்போது பத்துப் பதினொரு வயதுப் பிள்ளையான அம்மா, "அடுத்த தடவ நானும் வாரேன்" என்றாள். "பொம்பளப் பிள்ளைக்கு அங்க என்ன சோலி?" என்பது தாத்தாவின் பதில். அம்மா அதை வருத்தமாகச் சொன்னதே இல்லை. தண்ணீர் இனிப்பாக இருந்தது என்று மட்டும் சொல்வாள்.

பின்னர் அந்தக் கிழக்குப் பாதையே பொதுமக்களுக்கு அடைபட்டது. அது இன்று களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. எஞ்சியது கேரளப் பக்கப் பாதை. ஆண்டுதோறும் சனவரி நடுப்பகுதியில் தொடங்கிச் சில வாரங்கள் மட்டும், வனத்துறையின் முன்பதிவோடு, திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காட்டிலிருந்து ஏற அனுமதி உண்டு. அங்கும் பெண்கள் சிகரத்துக்குப் போவதற்குத் தடை இருந்தது. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், பாலின அடிப்படையில் எவரையும் விலக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. 2019 சனவரியில், பாதுகாப்புத் துறையின் செய்தித் தொடர்பாளராக இருந்த தன்யா சனல் முதற்பெண்ணாக ஏறினார். அம்மலையைத் தங்கள் தெய்வத்தின் இடமாகக் கருதும் காணி மக்கள் அடிவாரத்தில் அமைதியான முறையில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அச்செய்தியை அம்மாவுக்குத் தொலைபேசியில் நான்தான் வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "நமக்கும் டிக்கெட் கெடைக்குமாட்டி?" என்று கேட்டாள். கிடைக்க ஆறு ஆண்டுகள் ஆயின. முதுகலை, தகுதித் தேர்வு, பெருந்தொற்று, முனைவர் பட்டப் பதிவு என்று நான் தள்ளிக்கொண்டே வந்த ஆண்டுகள் அவை. அம்மாவுக்கு வயது 54 ஆகிவிட்டது. இதற்குமேலும் தள்ளினால் என்றைக்குமாகத் தள்ளிப்போகும் என்ற அச்சம்தான் கடந்த செப்டம்பரில் என்னை அட்டவணை போடவைத்தது.

திட்டமிடலின் முதற்படி காலம். வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓய்ந்து, கோடைக் காட்டுத்தீயின் காலம் தொடங்கும்வரை இருக்கும் இடைவெளியே ஏறும் பருவம். இரு பருவமழைகளும் நனைக்கும் மலை இது. சனவரியிலும் மதியத்துக்குமேல் மேகம் இறங்கும், மழையும் வரலாம். ஆகவே ஒவ்வொரு நாளும் முக்கியமான நடையை நண்பகலுக்குள் முடிக்கும்படி அமைத்தேன். இரண்டாம்படி அனுமதி. நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் அனுமதிச்சீட்டு. இணையத்தில் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஐதராபாத்தில் ஆய்வகக் கணினியில் ஒன்றும் கைப்பேசியில் ஒன்றுமாக இரண்டு திரைகளைத் திறந்துவைத்து, அடையாள அட்டை எண்களைத் தாளில் எழுதிவைத்துக் காத்திருந்து பெற்றேன். மருத்துவச் சான்றிதழ் தனியே. நெகிழிப் பொருள், மது, பூசைப் பொருள் எதற்கும் அனுமதியில்லை. மூன்றாம்படி விடுப்பு. அம்மா கிளை அஞ்சலகம் ஒன்றில் தபால் கொண்டுசெல்லும் பணி செய்கிறாள். விடுப்பெடுத்தால் தனக்கொரு பதிலாளைத் தானே ஏற்பாடு செய்யவேண்டிய பணி அது. பக்கத்துத் தெருப் பையன் ஒருவனை இரண்டு மாதத்துக்கு முன்பே பழக்கத் தொடங்கினாள்.

நான்காவது, நேரக்கணக்கு. மலையேறுவோரிடையே ஒரு பழைய விதி உண்டு. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்னது: சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், அதனோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டுக. போனக்காட்டிலிருந்து அதிருமலை முகாம்வரை 14 கிலோமீட்டருக்குக் குறையாது. விதிப்படி முதல்நாள் நடை நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் என்று வந்தது. ஆனால் அவ்விதி மரமற்ற, குளிர்ந்த, காற்றோட்டமான குன்றுகளில் பிறந்தது. வெப்பமண்டலக் காட்டில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடல் சூட்டைத் தணிக்கும் வழி பாதி அடைபட்டிருக்கும். வேர்களுக்கும் வழுக்குப் பாறைகளுக்கும் நடுவே ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்கவேண்டும். கணக்கை இரட்டித்து எட்டு மணி நேரம் என்று எழுதிக்கொண்டேன். அட்டவணையில் நான் சரியாகச் செய்தவற்றுள் அது முதன்மையானது.

ஐந்தாவது, உடல். இங்கேதான் அட்டவணையின் பாதி இடம் செலவாயிற்று. அம்மா வாரத்துக்கு நான்கு நாள் மாடிப்படி ஏறி இறங்க வேண்டும். முதல் வாரம் பத்துச் சுற்று, எட்டாம் வாரம் நாற்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று கிலோ அரிசியைப் பையில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைவரை நடை. புதுக் காலணியை ஆறு வாரத்துக்கு முன்பே வாங்கி, தபால் கொடுக்கப் போகும்போதும் அணிந்து பழக வேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை, முழங்கால், தூக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். ஞாயிறு இரவுகளில் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். அம்மா சில சமயம் சிரிப்பாள்: "உங்க புரொபசர் கூட ஒன்ன இப்படிக் கேக்க மாட்டாரு போல."

வாசிப்பையும் திட்டத்தில் சேர்த்திருந்தேன். நம் இனத்தின் பழக்கம் அது. 1852 முதல் திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த ஜான் ஆலன் பிரௌன், இதே சிகரத்தில் இரண்டாவது ஆய்வகம் ஒன்றை அமைத்துக் காந்தப்புல அளவீடுகளை எடுத்தார். அவற்றின் முடிவுகள் 1874இல் பெருநூலாக வந்தன. நூலின் தலைப்பில் திருவனந்தபுரம் இருக்கிறது, அகத்தியமலை இருக்கிறது, திருவிதாங்கூர் மகாராசா இருக்கிறார். அக்கருவிகளை மேலே சுமந்து சென்ற தோள்கள் யாருடையவை என்று தலைப்பு சொல்லாது. நூற்றாண்டுக்குமேல் கழித்து, 1987இல், தாவரவியலாளர் புஷ்பாங்கதன் குழுவினர் இக்காடுகளில் களப்பணி செய்தபோது, தாங்கள் களைத்துச் சோர, வழிகாட்டிகளான காணிகள் மட்டும் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு சோர்வின்றி நடப்பதைக் கண்டார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் ஒரு மருந்தை உருவாக்கி 1995இல் உற்பத்தி உரிமம் வழங்கியது. கிடைத்த தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, அதைப் பெறுவதற்கான அறக்கட்டளை 1997இல் பதிவாயிற்று. பலன் பகிர்வு பற்றிய பாடங்களில் இன்றும் உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு இது. மலையை அறிந்தவர் ஒருவர், அதைப் பற்றி எழுதியவர் மற்றொருவர் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன். குறிப்பு நன்றாகத்தான் இருந்தது. அதை என்மேல் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

கடைசிப் பத்தி விதிகள். களைத்துப்போன மூளை நல்ல முடிவு எடுக்காது. ஆகவே முடிவுகளை வீட்டில் உட்கார்ந்தே எடுத்துவிட வேண்டும். முதல் விதி: இரண்டாம் நாள் நண்பகல் 12 மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவது, சிகரம் கண்ணெதிரே இருந்தாலும் சரி. இரண்டாம் விதி: வழிகாட்டி வேண்டாம் என்றால் வேண்டாம், வாதமில்லை. மூன்றாம் விதியை இவ்வாறு எழுதியிருந்தேன்: ஒருவர் நின்றால் இருவரும் நிற்பது. அதை அம்மா ஏற்கவில்லை.

"நான் ஏலாம உக்காந்துட்டேன்னா நீயும் ஏன் உக்காரணும்? நீ போயிட்டு வா."

"ஒன்ன விட்டுட்டு நான் மட்டும் போயி என்ன செய்ய?"

"ஒருத்தி பாத்தாலும் பாத்ததுதான. எங்க அப்பா பாத்துட்டு வந்து சொன்னத வச்சுத்தான இத்தன நாளு இருந்தேன்."

அதற்கு என்னிடம் மறுமொழியில்லை. விதியை மாற்றினேன்: ஒருவர் நின்றால், நின்றவர் பாதுகாப்பான இடத்தில் துணையோடு இருக்க, வழிகாட்டி சம்மதித்தால் மற்றவர் போகலாம். எழுதும்போது 'நின்றவர்' என்ற சொல்லுக்கு என் மனத்தில் ஒரே முகம்தான் இருந்தது. அது அம்மாவின் முகம்.

இனி மலை. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் போனக்காடு. கைவிடப்பட்ட தேயிலைத் தோட்டம், கூரையிழந்த தொழிற்சாலை. வனத்துறைச் சாவடியில் பையைத் திறந்து காட்டிச் சான்றிதழ்களைக் கொடுத்து, காலை எட்டரைக்கு நடக்கத் தொடங்கினோம். எங்கள் குழுவோடு இரண்டு வழிகாட்டிகள், இருவரும் காணிகள். மூத்தவருக்கு ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். காணிக்காரர் பேச்சு தமிழுக்கும் மலையாளத்துக்கும் நெருங்கிய ஒரு தென்திராவிட மொழி. அம்மக்கள் எல்லையின் இருபுறமும், பாபநாசத்துக்கு மேலுள்ள குடியிருப்புகளிலும் வாழ்கிறார்கள். நான் பாடமாகப் படித்த மலையாளத்தில் அவரிடம் பேசினேன்; அவர் மரியாதையாகப் பதிலளித்தார். அம்மா தன் நெல்லைத் தமிழில் பேசினாள். அவர் சிரித்துப் பேசினார். முதல் ஒரு மணி நேரத்துக்குள் காரையாற்றுப் பக்கம் அவருக்கு உறவினர் உண்டு என்பதுவரை அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

பாதையின் பெயர்களே ஒரு பாடம். கரமனையாறு கடந்தோம், அட்டையாறு கடந்தோம். அட்டை இரு மொழிகளிலும் அட்டைதான். காலுறைக்குள் உப்பு தடவியிருந்தும் இரண்டு ஏறியிருந்தன. காடு விலகிப் புல்வெளி வந்தது. நண்பகல் வெயில் நேரே தலையில் இறங்கிற்று. அதன்பின் ஏழுமடக்குத் தேரி, முட்டிடிச்சான் தேரி. எங்கள் பக்கத்தில், சாத்தான்குளம் திருச்செந்தூர் வட்டாரத்தில், தேரி என்றால் செம்மணல் மேடு. இங்கே தேரி என்றால் செங்குத்தான ஏற்றம். முட்டிடிச்சான் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. காலை உயர்த்தினால் முழங்கால் மேலே வந்து இடிக்கும். சொற்பிறப்பை வியந்துகொண்டே ஏறியபோது, என் இடது முழங்காலின் வெளிப்புறத்தில் ஊசி குத்துவதுபோல் ஒரு வலி தொடங்கியது. பொருட்படுத்தவில்லை. அம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, "மூச்சு வாங்குதா? தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். நாலரைக்கு அதிருமலை சேர்ந்தோம். கஞ்சியும் பயறும் கொடுத்தார்கள். படுக்கும்போது அம்மா கேட்டாள்: "ஒங்காலுக்கு என்ன? இறக்கத்துல சாஞ்சு சாஞ்சு நடந்த." ஒன்றுமில்லை என்றேன்.

இரண்டாம் நாள் காலை மேகம் தாழ்ந்திருந்தது. அதிருமலையிலிருந்து சிகரம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர். 'ஈற்ற' என்று மலையாளத்தில் வழங்கும் மெல்லிய மூங்கில் புதர்களுக்கிடையே பாதை ஏறுகிறது. யானைத் தடம் புதிதாகக் கிடந்தது. முன்னே போன இளைய வழிகாட்டி ஒருமுறை கையுயர்த்தி எல்லோரையும் பத்து நிமிடம் நிறுத்திவைத்தார். பொங்கல்பாறை வந்தது. பழைய நாளில் மலையேறியவர்கள் பொங்கலிட்ட பாறை. ஓடை ஒன்று அருகில் ஓடுகிறது. அதற்குமேல் காடு குட்டையாகிறது. பிறகு வெறும்பாறை, கயிறு பிடித்துத்தான் ஏறவேண்டும். பாறை நனைந்திருந்தது.

பாறையில் உட்கார்ந்த என்னால் எழ முடியவில்லை. அதாவது, எழ முடிந்தது. இடது காலை மடக்கி எடை வைக்க முடியவில்லை. மூத்த வழிகாட்டி வந்து என் காலைப் பார்த்தார். இரண்டு அடி நடக்கச் சொன்னார். பிறகு மேலே இருந்த கயிற்றைக் காட்டி, "ஏறலாம். இறங்க முடியாது" என்றார். அவ்வளவுதான். இரண்டாம் விதி: வாதமில்லை.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நானும் இருக்கிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்று அஞ்சினேன். சொல்ல வேண்டும் என்று உள்ளே எங்கோ ஆசைப்பட்டேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவள் என் பையிலிருந்து மழைச்சட்டையை எடுத்து என் தோளில் போட்டாள். தண்ணீர்ப் புட்டியை என் பக்கத்தில் வைத்தாள்.

"ஏட்டி, நீ எழுதுன விதிதான?"

"ஆமா."

"அப்பம் நான் போயிட்டு வாரேன். பன்னெண்டுக்குத் திரும்பிருவேன்."

எங்களுக்கு முன்பே களைத்து நின்றுவிட்ட இருவரோடு, இளைய வழிகாட்டியின் துணையில் நான் பொங்கல்பாறையில் இருந்தேன். மேகத்துக்குள் நடந்துபோன அம்மாவின் நீலச் சேலை, முழங்கால்வரை உயர்த்திக் கட்டிய கால்சட்டைமேல் சுற்றியிருந்தது, சிறிது நேரத்தில் மறைந்தது.

காத்திருந்த மூன்றரை மணி நேரத்தில் கைப்பேசியில் அட்டவணையைத் திறந்து பார்த்தேன். மாடிப்படிச் சுற்று என்ற பத்தியில் அம்மாவின் பெயருக்கு நேரே பதினாறு வாரங்களும் நிரம்பியிருந்தன. என் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. எடைப்பயிற்சி, காலணிப் பழக்கம், முழங்கால் எல்லாமே அப்படித்தான். வயது 28 என்பதே போதும் என்று எண்ணியிருக்கிறேன். எண்ணினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அக்கேள்வியே எழவில்லை. நான்கு ஆண்டுகளாக நாளுக்குப் பத்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து ஒலிப்பதிவுகளை எழுத்துப்படுத்திய உடல் என்னுடையது. இருபது ஆண்டுகளாக மூன்று ஊர்களுக்குத் தபாலோடு வெயிலில் நடந்த உடல் அம்மாவுடையது. இவ்விரண்டில் எது மலையேறும் என்று ஒரு குழந்தையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். பயிற்சியாக நான் வகுத்துக் கொடுத்தவற்றில் பாதியை அவள் பணியாகவே செய்துவந்தாள். நடப்பவளை அளவிட உட்கார்ந்திருப்பவள் கட்டம் போட்டிருக்கிறாள். பிரௌனின் நூல் தலைப்பைப் பற்றி அத்தனை தெளிவாக ஓரக்குறிப்பு எழுதியவளும் நான்தான்.

மணி 11.40க்கு மேகத்துக்குள்ளிருந்து குரல் கேட்டது. அம்மா முழுக்க நனைந்திருந்தாள். உள்ளங்கைகள் கயிற்றில் சிவந்திருந்தன. உட்கார்ந்து, கொண்டுபோன கடலைமிட்டாயைப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தாள்.

"மேல ஒண்ணும் தெரியல. ஒரே மேகம். நம்ம மாடி தெரியும்னு நெனச்சேன்."

"தெரியவே இல்லையா?"

"இல்ல. எந்தப் பக்கம்னு அவரு கையக் காட்டினாரு. பாத்துக்கிட்டே நின்னேன்."

பிறகு வழிகாட்டி ஒன்று சொன்னார். அம்மா அதைச் சொல்லவில்லை. மேலே போனதும், அகத்தியர் சிலைக்கு எவ்வளவு தூரம்வரை தான் வரலாம் என்று அம்மா அவரைக் கேட்டாளாம். அவர் ஓரிடத்தைக் காட்டியிருக்கிறார். அங்கேயே நின்று கும்பிட்டுவிட்டு இறங்கியிருக்கிறாள். நானாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன். தீர்ப்பின் ஆண்டைச் சொல்லியிருப்பேன். அத்தீர்ப்பு இல்லையேல் அம்மா அங்கே நின்றிருக்கவே முடியாது என்பதும் உண்மை. தன் தெய்வத்தின் இடத்தில் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்கள் என்று அம்மனிதரின் முகத்தில் இருந்த நிறைவும் உண்மை. இவ்விரண்டையும் எப்படி ஒன்றாக எழுதுவது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. எழுதாமல் விடவும் முடியவில்லை.

மூன்றாம் நாள் இறக்கம். நெய்ஸ்மித்தின் விதியில் இறக்கத்துக்குக் கணக்கே இல்லை. முழங்காலுக்கோ இறக்கம்தான் பெரிய கணக்கு. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்க வேண்டும். பழக்கமில்லாத தசை அங்கேதான் கைவிடும். அம்மா முன்னே நடந்து, ஒவ்வொரு பாறையிலும் எந்த இடத்தில் கால் வைக்க வேண்டும் என்று காட்டினாள். என் பையிலிருந்த எடையில் பாதியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். அவளுக்காக வாங்கி, அவள் வேண்டாமென்ற ஊன்றுகோல் எனக்குப் பயன்பட்டது. ஏறியதைவிட ஒரு மணி நேரம் கூடுதலாயிற்று. "மூச்சு வாங்குதா? தண்ணி குடிச்சியா?" என்று அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்து நின்றாள். நான் வந்ததும் நடந்தாள்.

அட்டவணை கேட்டவர்களுக்கு இப்போது அனுப்புகிறேன், சில திருத்தங்களோடு. திட்டமிடுபவரின் பெயர் முதல் வரிசையில் இருக்கிறது. அவருடைய கட்டங்கள் நிரம்பாமல் மற்றவர்களுடையதை நிரப்ப வேண்டாம். மாடிப்படி ஏறுவதற்கு ஒரு பத்தி இருந்தது. இறங்குவதற்கென்று தனிப் பத்தி சேர்த்திருக்கிறேன். பையின் எடை உங்கள் உடலெடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. காட்டுப்பாதைக்கு நெய்ஸ்மித் கணக்கை இரட்டியுங்கள். முதல்நாள் இரவு ஒவ்வொருவரும் தம் உடலின் வலியை உரக்கச் சொல்ல ஒரு நேரம் ஒதுக்குங்கள். "ஒன்றுமில்லை" என்பது பதிலாகாது. வழிகாட்டியின் கூலியைப் பேரம் பேசாதீர்கள். அவர் சொல்லும் இரண்டு சொற்களில் உங்கள் முழங்காலும் உயிரும் இருக்கின்றன. விதிகளை வீட்டிலேயே எழுதுங்கள். எழுதும்போது ஒவ்வொரு விதியிலும் உங்கள் பெயரை ஒருமுறை வைத்து வாசித்துப் பாருங்கள்.

மூன்றாம் விதியை மட்டும் மாற்றவில்லை. அது அம்மா எழுதவைத்தது.

முழங்கால் இப்போது பரவாயில்லை. இயன்முறை மருத்துவர் கொடுத்த பயிற்சிகளை நாள்தோறும் செய்கிறேன். ஞாயிறு இரவுகளில் அம்மா தொலைபேசியில் அழைத்து, எத்தனை சுற்று என்று கேட்கிறாள். நான் சொல்கிறேன், அவள் நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துக்கொள்கிறாள். அடுத்த சனவரிக்கு அனுமதிச்சீட்டு திறக்கும்போது இரண்டு திரைகளோடு மறுபடியும் உட்காருவேன். அம்மாவுக்கு மேகமில்லாத ஒரு நாள் வேண்டும். எனக்கு, பொங்கல்பாறைக்கு மேலே அந்தக் கயிறு வேண்டும்.